பக்கக்காற்றும் ஆழமான கார்பன் சில்லும்: கல்முனைக் கரையோர வீதிக்கான தேர்வு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை சுமார் 70 கிலோமீற்றருக்கு ஏ4 வீதி ஏறக்குறைய நேர் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும். இந்தக் கரையில் வீசும் பலமான காற்றுகளில் பெரும்பாலானவை கிழக்குப் புறத்திலிருந்தோ மேற்குப் புறத்திலிருந்தோ வருபவை. அதனால் சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியே சைக்கிள் ஓடுபவருக்கு முகத்தில் அடிக்கும் காற்றைவிட விலாவில் இடிக்கும் காற்றே பழக்கமானது. ஆழமான கார்பன் சில்லு வாங்க நினைப்பவர் விலையையும் எடையையும் பார்க்கும் முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

டயர் அமரும் வெளிவிளிம்பிலிருந்து ஸ்போக் கம்பி நுழையும் உள்விளிம்பு வரையுள்ள உயரமே ரிம்மின் ஆழம். சாதாரண அலுமினிய ரிம்கள் பெரும்பாலும் 20 முதல் 25 மில்லிமீற்றர் ஆழமானவை. கார்பன் ரிம்கள் 30இல் தொடங்கி 80ஐயும் தாண்டும். ஆழம் கூடினால் முன்னோக்கி ஓடும்போது காற்றுத்தடை குறையும். அதே ஆழம் பக்கத்திலிருந்து வரும் காற்றுக்குத் தோணியின் பாய்போல விரிந்து கொடுக்கும்.

காற்று எப்போது, எங்கிருந்து

மீனவர் சொல்லும் காற்றின் பெயர்களே சைக்கிள்காரருக்கும் போதும்.

வாடை: டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வீசும். கரையோர வீதியில் இது சாய்வாக விழுகிறது. தெற்கே போகும்போது இடது பின்புறத்திலிருந்து தள்ளும். வடக்கே திரும்பும்போது வலது முன்புறத்திலிருந்து எதிர்க்கும்.

கச்சான்: மேற்கிலிருந்து வரும் வெக்கைக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் காய்ந்து சூடாகி இறங்குகிறது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை இது பலமாக இருக்கும். வயல்வெளியில் தடுப்பு எதுவும் இல்லாததால் கரையோர வீதியை நேர் பக்கத்திலிருந்து அடிக்கும்.

கடற்காற்று: கிழக்கிலிருந்து வருவதால் கொண்டல் என்ற பெயரும் இதற்குப் பொருந்தும். நிலம் சூடேறியதும் முற்பகலில் எழும்பி, பிற்பகலில் உச்சம் தொட்டு, இரவில் அடங்கும். சுபஹ் தொழுகைக்குப் பிந்திய முதல் இரண்டு மணி நேரம் பெரும்பாலான நாட்களில் அமைதியானது. புதிய சில்லைப் பழகுவதற்கு அதைவிட நல்ல வேளை இல்லை.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழைக்குச் சற்று முன் எந்தத் திசையிலிருந்தும் திடீரென்று பெருங்காற்று வரும். மேற்கே மேகம் கறுத்தால் ஆழமான சில்லோடு வெளியே போகக்கூடாது.

*குறிப்பு:* கைபேசியில் வானிலை பார்க்கும்போது சராசரிக் காற்றுவேகத்தை விடுத்து, இடையிடையே எழும் வீச்சின் வேகத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிளைச் சரிப்பது எப்போதும் இரண்டாவதுதான். சீராக அடிக்கும் பலமான காற்றுக்கு உடல் சாய்ந்து பழகிவிடும். விட்டுவிட்டு அடிக்கும் காற்றுக்குப் பழக முடியாது.

தேவையான அளவு கோட்பாடு

மூன்று செய்திகள் தெரிந்தால் போதும்.

முதலாவது பரப்பளவு. 30 மில்லிமீற்றர் ஆழமுள்ள ரிம்மின் பக்கப் பரப்பு ஏறத்தாழ 570 சதுர சென்ரிமீற்றர். 50 மில்லிமீற்றர் ரிம்முக்கு அது 915. 80 மில்லிமீற்றர் ரிம்முக்கு 1390. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே காலை ஆறு மணிக்கு எந்தத் தொந்தரவும் தராத 80 மில்லிமீற்றர் சில்லு, பிற்பகல் மூன்று மணிக்கு வேறொரு சாமானாக மாறிவிடும்.

இரண்டாவது, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் உள்ள வேறுபாடு. பின்சில்லு பிரேமோடு இறுகப் பூட்டப்பட்டது. அதில் படும் காற்று சைக்கிளை மொத்தமாகப் பக்கவாட்டில் தள்ளும், அவ்வளவுதான். முன்சில்லு ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பக்கூடியது. அதில் படும் காற்று சைக்கிளைத் தள்ளுவதோடு ஹேண்டிலையும் திருப்பப் பார்க்கும். ஓடுபவரைப் பயமுறுத்துவது இந்தத் திருப்பம்தான். பின்சில்லில் ஆழம் கூடினால் காற்று பிடிக்கும் மையம் பின்னே நகர்வதால், சைக்கிள் ஓரளவு நேர்படவும் செய்கிறது.

மூன்றாவது, காற்று சில்லை அடையும் கோணம். மணிக்கு 30 கிலோமீற்றரில் ஓடும்போது நேர் பக்கத்திலிருந்து 10 கிலோமீற்றர் வேகக் காற்று வந்தால், சில்லு அதை 18 பாகைச் சாய்வில் சந்திக்கிறது. 20 கிலோமீற்றர் வேகக் காற்றுக்கு அது 34 பாகை. ஆழமான ரிம் தன் வேலையைச் செய்வது சிறிய கோணங்களில்தான். குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் ரிம்மைத் தழுவி ஓடிய காற்று பிய்ந்துவிடும். வேகத்தில் கிடைத்த ஆதாயம் கரையும். ஹேண்டிலில் இருந்த இழுப்பும் அந்தக் கணத்தில் சட்டென மாறும். பிற்பகல் கடற்காற்றிலோ கச்சானிலோ கரையோர வீதியில் ஓடும்போது, மிக ஆழமான ரிம்முக்குக் கொடுத்த காசின் பெரும்பகுதி வேலை செய்வதில்லை.

தேர்வு: எட்டுப் படிகள்

*1. வழமையான வீதியின் திசையைக் குறித்தல்*

வாரத்தில் அதிகம் ஓடும் வீதிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் திசையையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். கரையோர ஏ4 வீதி வடக்குத் தெற்கு. காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியே அம்பாறை செல்லும் வீதி கிழக்கு மேற்காகப் போகிறது. அங்கே கச்சான் எதிர்க்காற்றாகவும் கடற்காற்று முதுகில் தள்ளும் காற்றாகவும் அமையும், வாடை மட்டுமே சாய்வாகப் படும். பயிற்சியில் முக்கால்வாசியை அம்பாறை வீதியில் செய்பவர் அடுத்த படியில் சொல்லப்படும் அளவைவிட 5 மில்லிமீற்றர் கூட்டிக்கொள்ளலாம். அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் அடிக்கடி போகிறவர் அந்த அளவைத் தாண்டக்கூடாது.

திறந்த இடங்களையும் இதே தாளில் குறிப்பது நல்லது. மாவடிப்பள்ளி, கிட்டங்கி போன்ற தாம்போதிகளிலும் நிந்தவூருக்குத் தெற்கே களியோடைப் பாலத்திலும் காற்றை மறைக்க ஒரு மதிலும் இல்லை. திருக்கோவிலைத் தாண்டிக் கோமாரிப் பக்கம் போகப்போக வெட்டை கூடும். ஊர்களுக்குள் கட்டடங்கள் காற்றை மறித்தாலும், கடற்கரைக்குப் போகும் ஒவ்வொரு குறுக்கு வீதி வாயிலிலும் அது திடீரென்று பாயும். சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் இந்த விட்டுவிட்டு வரும் அடி, வெட்டை வெளியின் சீரான காற்றைவிடத் தொல்லையானது.

*2. முன்சில்லின் ஆழத்தை உடல் எடையோடு பொருத்துதல்*

ஓடுபவரின் எடை குறையக் குறைய அதே காற்று அவரைக் கூடுதலாக நகர்த்தும். கரையோர வீதிக்கு இந்த அத்தியாயம் பரிந்துரைக்கும் முன்சில்லு அளவுகள் இவை:

60 கிலோவுக்குக் குறைந்தவர்: 30 முதல் 35 மில்லிமீற்றர்.

60 முதல் 75 கிலோ வரை: 35 முதல் 45 மில்லிமீற்றர்.

75 கிலோவுக்கு மேல், பல வருடப் பழக்கம் உள்ளவர்: 50 வரை.

முதன்முறையாக ஆழமான சில்லு வாங்குபவர் எந்த எடையினராக இருந்தாலும் 40ஐத் தாண்டாமல் இருப்பது புத்தி. 40க்கும் 60க்கும் உள்ள வேக வித்தியாசம் சிறியது. முன்சில்லுக்குப் பயந்து முதுகை நிமிர்த்தி, ஹேண்டிலின் மேற்பகுதியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் உடம்பே மறிக்கும் காற்று அந்த வித்தியாசத்தைப் பலமுறை விழுங்கிவிடும்.

சில்லின் பெயரில் உள்ள எண்ணை நம்பி வாங்குவது பொதுவான தவறு. ஷிமானோவின் சி36, சி50, சி60 ஆகியவற்றில் எண்தான் ஆழம். ஸிப் நிறுவனத்தின் 303, 404, 808 ஆகியவை வெறும் பெயர்கள். 404 ஏறத்தாழ 58 மில்லிமீற்றர் ஆழமானது. ஆழத்தை விவரப்பட்டியலில் பார்க்க வேண்டும். பாவித்த சில்லானால் அடிமட்டத்தால் அளக்க வேண்டும்.

*3. ரிம்மின் வெட்டுமுகத்தைப் பார்த்தல்*

ஒரே ஆழமுள்ள இரண்டு ரிம்கள் காற்றில் முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்ளும். பழைய ரிம்கள் ஆங்கில வி எழுத்தைப்போல உள்விளிம்பை நோக்கிக் கூராகக் குறுகுபவை. சுழலும் சில்லின் பின்பாதியில் காற்றை முதலில் சந்திப்பது இந்தக் கூர் முனைதான். காற்றின் கோணம் சற்றுக் கூடியதும் அதில் ஓட்டம் பிய்ந்து, ஹேண்டில் வெட்டி இழுக்கும். 2010ஆம் ஆண்டையொட்டி ஸிப் நிறுவனம் ஃபயர்கிரெஸ்ட் என்ற பெயரிலும், அடுத்த ஆண்டு என்வி நிறுவனம் காற்றியக்க வடிவமைப்பாளர் சைமன் ஸ்மார்ட்டோடு சேர்ந்தும், உள்விளிம்பு அகன்று உருண்ட ரிம்களைக் கொண்டுவந்தன. யு எழுத்தைப் போன்ற இந்த வடிவமே இன்று பொதுவாகிவிட்டது. இதிலும் பக்கவிசை இருக்கும்; ஆனால் அது படிப்படியாகக் கூடுவதால் கை அதற்குப் பதில் கொடுக்க நேரம் கிடைக்கிறது.

கடையில் சோதிக்கும் முறை எளிது. ஸ்போக் கம்பி நுழையும் உள்விளிம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்துப் பார்க்க வேண்டும். கத்தி முதுகைப்போலக் கூராகத் தட்டுப்பட்டால் பழைய வடிவம். முட்டையின் மழுங்கிய முனைபோல உருண்டிருந்தால் புதியது. கரையோரத்தில் ஓடுபவர் கூரான 38 மில்லிமீற்றர் ரிம்மை விட்டு உருண்ட 45ஐ எடுப்பதே நல்லது.

*4. பின்சில்லைத் தனியாகத் தீர்மானித்தல்*

பின்சில்லு முன்சில்லைவிட 5 முதல் 20 மில்லிமீற்றர் ஆழமாக இருக்கலாம். தயாரிப்பாளர்களே அப்படிச் சோடி சேர்ப்பதுண்டு: என்வியின் எஸ்இஎஸ் 4.5 சோடியில் முன்சில்லு ஏறக்குறைய 50, பின்சில்லு ஏறக்குறைய 55. முன்னே 35, பின்னே 50 என்ற சோடி கல்முனைக் கரைக்கு எல்லா மாதங்களிலும் ஒத்துவரும். ஒரே ஒரு சோடி வாங்க வசதியுள்ளவருக்கு இதுவே சிறந்த தேர்வு.

முழுக்க மூடிய தட்டுச்சில்லு இங்கே வேண்டாம். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில், எரிமலைக் குழம்பு உறைந்த வெளியில் குறுக்கே வீசும் காற்றுக்காகத் தட்டுச்சில்லு தடை செய்யப்பட்டிருக்கிறது. பொது வீதிப் பந்தயங்களில் ரிம் ஆழம் 65 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்ற சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதியும் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பந்தய நோக்கத்தோடு வாங்குபவர் அதையும் மனதில் கொள்ள வேண்டும்.

*5. அகலத்தையும் டயரையும் சேர்த்துத் தேர்தல்*

டயர் ரிம்மைவிடப் பிதுங்கியிருந்தால் ரிம்மின் வடிவத்துக்குக் கொடுத்த விலை வீண். ஸிப்பில் பணியாற்றிய ஜோஷ் போர்ட்னர் சொன்ன கணக்குப்படி, ரிம்மின் வெளி அகலம் டயரின் உண்மை அகலத்தைவிடக் குறைந்தது 5 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். பூட்டிக் காற்றடித்த பின் 28 மில்லிமீற்றர் காட்டும் டயருக்கு 29.4 மில்லிமீற்றர் அகல ரிம் தேவை. டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண் போதாது. அகன்ற ரிம்மில் டயர் விரியும். அளவுமானியால் அளக்க வேண்டும்.

முன்னே 28, பின்னே 28 அல்லது 30 என்பது இப்பகுதி வீதிகளுக்கு ஏற்றது. முன்னே 25க்கு இறங்க எந்தக் காரணமும் இல்லை.

*6. கொக்கியுள்ள ரிம்மா, கொக்கியில்லா ரிம்மா*

டயரின் ஓரத்தைப் பிடிக்கும் சிறு கொக்கி சில கார்பன் ரிம்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கொக்கியில்லா ரிம்மில் அமுக்கம் 5 பாரை, அதாவது 72 பி.எஸ்.ஐயை, எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது. உள்ளே டியூப் போட்டாலும் டியூப்லெஸ் டயரே பூட்ட வேண்டும். அதுவும் ரிம் தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள டயராக இருக்க வேண்டும்.

*எச்சரிக்கை:* வீதியோரக் கடையின் கொம்பிரசரில் கொக்கியில்லா ரிம்முக்குக் காற்றடிக்கவே கூடாது. ரேஸ் சைக்கிளென்றால் 100 பி.எஸ்.ஐ என்ற பழைய பழக்கத்தில் உதவும் மனதோடு அடித்துவிடுவார்கள்; டயர் ரிம்மைவிட்டுக் கழன்று பறக்கும். அளவுமானியுள்ள கைப்பம்பு சில்லோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள். இந்த நடைமுறையில் உறுதியில்லாதவர் கொக்கியுள்ள ரிம்மையே வாங்குவது நல்லது.

*7. சைக்கிளில் பொருந்துமா என்று பார்த்தல்*

டிஸ்க் பிரேக் ரோட் சைக்கிள்களில் இன்று பொதுவான அச்சு முன்னே 12க்கு 100, பின்னே 12க்கு 142 மில்லிமீற்றர். ரிம் பிரேக் சைக்கிள்களில் முன்னே 100, பின்னே 130. பின் ஹப் ஷிமானோ, ஸ்ராம், கம்பக்னோலோ ஆகியவற்றில் எந்தக் கசெட்டை ஏற்கும் என்பதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அகன்ற ரிம்மும் டயரும் ஃபோர்க்கில் உரசாமல் இருபுறமும் குறைந்தது 4 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும்.

ரிம் பிரேக் வைத்திருப்பவருக்கு ஒரு சொல்: கார்பன் ரிம் மழையில் பிடிப்பதற்குத் தாமதிக்கும். வாடைக்கால மழையில், பக்கக்காற்றும் சேர்ந்தால், அது உண்மையான ஆபத்து. கார்பனுக்கென்று செய்த பிரேக் கட்டைகளை மட்டுமே போட வேண்டும். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையில் பொதிந்த உலோகத் துகள் கார்பனைக் கீறிவிடும்.

*8. கம்பி, நிப்பிள், பெயாரிங்*

உப்புக்காற்றும் கார்பனும் சேர்ந்த இடத்தில் அலுமினியம் விரைவில் அரிக்கும். எடை குறைக்க அலுமினிய நிப்பிள் போட்ட சில்லு மலைநாட்டில் நீண்ட காலம் உழைக்கலாம். கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் வீடுள்ளவருக்கு அது வெள்ளைப் பொடியாகிவிடும். பித்தளை நிப்பிள், துருவேறா உருக்குக் கம்பி, மூடிய பெயாரிங் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். நிப்பிள் ரிம்முக்கு வெளியே தெரியும்படி இருந்தால் ஊரிலேயே கம்பி இறுக்கலாம். உள்ளே மறைந்திருந்தால் ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்ற வேண்டும்.

வால்வின் நீளத்தையும் மறக்கக்கூடாது. ரிம் ஆழத்தோடு குறைந்தது 20 மில்லிமீற்றர் கூட்டிக்கொள்ள வேண்டும். 50 மில்லிமீற்றர் ரிம்முக்கு 40 மில்லிமீற்றர் வால்வுள்ள டியூப்பை எடுத்துக்கொண்டு போனவர் கோமாரியில் காற்றுப் போனால் நடந்துதான் வர வேண்டும்.

பாவித்த சில்லு வாங்கும்போது

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர் கையோடு கொண்டுவரும் சில்லும், பாவித்த சைக்கிள்களோடு இறக்குமதியாகும் சில்லும் நல்ல விலைக்குக் கிடைக்கலாம். பிரபலமான பெயர் ஒட்டிய போலிகளும் சந்தையில் உண்டு. பெயரைவிட ரிம்மைப் பார்ப்பது முக்கியம்.

1. டயரைக் கழற்றாமல் வாங்கக்கூடாது. உள்விளிம்பிலும் ஸ்போக் துளைகளைச் சுற்றியும் மயிரிழை வெடிப்பு உண்டா என்று டோர்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

2. நாணயத்தால் ரிம்மைச் சுற்றிலும் இரு பக்கமும் தட்ட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஓசை கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அந்தச் சில்லைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

3. ரிம் பிரேக் சில்லானால் கட்டை உரசும் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். வீங்கிய அல்லது குழிந்த ரிம் சூட்டாலோ தேய்மானத்தாலோ கெட்டது.

4. சில்லைச் சுற்றிவிட்டு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். நிப்பிளில் வெள்ளைப் பொடி இருந்தால், கம்பி முழுவதையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும்.

5. தயாரிப்பாளர் குறித்த எடை வரம்பைக் கேட்க வேண்டும். அது ஓடுபவர், சைக்கிள், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்ந்த எடை.

கார்பன் முன்னறிவிப்பின்றி உடையும். முன்சில்லு விடயத்தில் சிறு சந்தேகம் இருந்தாலும் வாங்காமல் விடுவதே சரி.

பூட்டுதல்

1. டிஸ்க் தட்டைப் பூட்ட வேண்டும். மையப்பூட்டு வகையின் வளையத்துக்கு 40 நியூட்டன் மீற்றர் இறுக்கம்.

2. டியூப்லெஸ் நாடாவில் சுருக்கமோ துளையோ இல்லை என்று உறுதிசெய்து, வால்வையும் டயரையும் பூட்ட வேண்டும்.

3. டயரின் ஓரக்கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி மீண்டும் அமர்த்த வேண்டும்.

4. 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீற்றர் டயரில் 65 பி.எஸ்.ஐயில் தொடங்கிப் பார்க்கலாம். கூடுதல் அமுக்கத்தில் முன்டயர் மேடுபள்ளங்களில் துள்ளும். துள்ளும் டயரைக் காற்று எளிதில் நகர்த்தும்.

5. ஹேண்டில் கழுத்தில் உள்ள பெயாரிங்கைச் சரிபார்க்க வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்பின் ஆட்டினால் டக்கென்ற சத்தம் வரக்கூடாது. இங்கே தளர்வோ அளவுமீறிய இறுக்கமோ இருந்தால், காற்றில் வரும் நடுக்கத்துக்குச் சில்லு வீண்பழி சுமக்கும்.

முதல் ஓட்டங்கள்

1. முதல் நாள் சுபஹுக்குப் பின், காற்றில்லாத வேளையில், 10 கிலோமீற்றர். பிரேக்கையும் சத்தங்களையும் மட்டும் கவனித்தால் போதும்.

2. இரண்டாவது ஓட்டம் காலை ஒன்பது மணியளவில், கடற்காற்று எழும்பும் நேரத்தில். வாகனம் குறைந்த, வடக்குத் தெற்காகக் கிடக்கும் ஊர்வீதி ஒன்றைத் தெரிந்து, குறுக்கு வீதி வாய்களைக் கடக்கும்போது ஹேண்டில் எப்பக்கம் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

3. மூன்றாவதாக வெட்டை வெளியில். மணிக்கு 20, 25, 30 கிலோமீற்றர் என்று வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். எந்த வேகத்தில் கை தானாக இறுகுகிறதோ, அன்றைய காற்றுக்கு அதுவே எல்லை.

4. இவை முடிந்த பின்பே ஏ4 வீதி. பிற்பகலில் இறங்குவதற்கு முன் காலை வேளையில் சில வாரங்களாவது ஓட வேண்டும்.

முதல் 200 கிலோமீற்றருக்குப் பின் கம்பிகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

காற்றில் உடம்பை வைத்திருக்கும் விதம்: முழங்கை மடிந்திருக்க வேண்டும், பிடி தளர்ந்திருக்க வேண்டும், பெடல் சுற்றுவது நிற்கக்கூடாது. பெடலை நிறுத்தினால் உடம்பின் பாரம் ஆசனத்துக்கு மாறி, சைக்கிள் இன்னும் ஆடும். நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் ஒரு முழங்காலைப் பிரேமின் மேற்குழாயில் அணைத்துக்கொள்ளலாம். ஹேண்டிலை இறுகப் பிடித்து நேராக வைத்திருக்க முயல்வதே பெரும்பாலானோர் செய்யும் தவறு. அது சிறு அசைவைப் பெரிய வளைவாக்கும்.

பஸ்ஸும் லொறியும்

இப்பகுதியில் பக்கக்காற்றால் வரும் மிகப் பெரிய ஆபத்து, முந்திச் செல்லும் வாகனமும் காற்றும் ஒன்றாகச் சேரும் சில வினாடிகளில் இருக்கிறது. இடப்பக்கம் ஓடும் நாட்டில் முந்தும் வாகனம் எப்போதும் சைக்கிளின் வலப்பக்கத்தில் வரும். அதனால் காற்று எப்பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஆபத்தின் விதம் மாறுகிறது.

காற்று வலப்பக்கத்திலிருந்து வரும்போது (கச்சானில் தெற்கே போகையில், கடற்காற்றில் வடக்கே வருகையில்) ஓடுபவர் தன்னையறியாமல் வலப்பக்கம் சாய்ந்து சமன்செய்துகொண்டிருப்பார். பஸ் முந்தும்போது காற்றை மறைத்துவிடும். தாங்கியிருந்த காற்று இல்லாமல் போனதும் சைக்கிள் வலப்பக்கம், பஸ்ஸை நோக்கியே சரியும். பஸ் கடந்ததும் காற்று மீண்டும் அடித்து இடப்பக்கம் தள்ளும். எனவே பின்னால் கனரக வாகனத்தின் இரைச்சல் கேட்டதும் வேகத்தைக் குறைத்து, சாய்வைச் சற்று நிமிர்த்தி, அந்த இரு மாற்றங்களையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்போது (கடற்காற்றில் தெற்கே போகையில், கச்சானில் வடக்கே வருகையில்) வாகனம் காற்றை மறைக்காது. ஆனால் ஒவ்வொரு வீச்சும் சைக்கிளை வீதியின் நடுப்பக்கம் தள்ளும். கச்சான் மாதப் பிற்பகலில் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குத் திரும்பும் வழி இதற்கு உதாரணம். அன்றைய வீச்சு பலமாக இருந்தால் முன்னே ஆழமான சில்லோடு அந்த வழியில் வரவே கூடாது.

வீதியின் இடது ஓரத்தை ஒட்டி ஓடுவதும் பாதுகாப்பல்ல. விளிம்பிலிருந்து ஒரு மீற்றராவது விட்டால்தான் தள்ளப்படும்போது இடம் இருக்கும். அறுவடை மாதங்களில் வீதியோரத்தில் நெல் காயப்போடுவது இங்கே வழக்கம். காற்று இடப்பக்கம் தள்ளினால் சில்லு நெல்மணிகள்மேல் ஏறி வழுக்கும். மாவடிப்பள்ளித் தாம்போதியிலும் கிட்டங்கியிலும் வெள்ளம் பாயும் நாட்களில் எந்தச் சில்லோடும் இறங்கக்கூடாது. ஓடும் நீரின் இழுப்புக்கு முன் காற்றின் தள்ளல் சிறிது.

எந்த நாளில் எந்தச் சில்லு

பழைய அலுமினியச் சில்லை விற்றுவிடக்கூடாது. முன்சில்லை மட்டும் மாற்றிக்கொண்டாலே பெரும்பாலான நாட்கள் சமாளிக்கலாம். பின்னே ஆழமான சில்லு அப்படியே இருக்கட்டும். ரிம் பிரேக் சைக்கிளில் இரண்டு முன்சில்லுகளின் ரிம் அகலமும் ஒரேயளவாக இருந்தால் பிரேக்கின் அகலத்தைத் திருத்தும் வேலை இல்லை; பிரேக் கட்டைகளை மட்டும் சில்லோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

வீட்டு முற்றத்திலிருந்தே காற்றை அளக்க ஓர் எளிய வழி உண்டு. தூசியும் கடதாசியும் எழும்பிப் பறந்தால் காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர். மேலே சொன்ன அளவுகளுக்குள் உள்ள முன்சில்லோடு கவனமாகப் போகலாம். சிறு மரங்கள் முழுதாக ஆடினால் 29 முதல் 38. 35 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட முன்சில்லைக் கழற்றிவிட வேண்டும். பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிக்க முடியாமல் போனால் 39க்கு மேல். அன்று கரையோர வீதி வேண்டாம்.

உப்பும் மணலும்

கடற்கரைப் பக்கம் ஓடிவந்த அன்றே சில்லை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சும் குழாயை ஹப்பின்மேல் பிடித்தால் உப்பு பெயாரிங்குக்குள் போய்விடும். நிப்பிள்களைச் சுற்றித் துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் வைக்கலாம். டிஸ்க் தட்டிலோ பிரேக் உரசும் பக்கத்திலோ எண்ணெய் படக்கூடாது. டியூப்லெஸ் சீலன்ட் வெக்கையில் விரைவாகக் காய்வதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியே அளவு பார்த்து ஊற்ற வேண்டும். ரிம்மின் அடியில் மழைநீர் வடியும் சிறு துளை இருந்தால் அதை மணல் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தங்கிய முன்சில்லு சமநிலை கெட்டு, வேகத்தில் துடிக்கும்.

குழியில் பலமாக விழுந்த பிறகும், சைக்கிள் சரிந்து விழுந்த பிறகும், பாவித்த சில்லுக்குச் சொன்ன நாணயச் சோதனையை முன்சில்லுக்கு மீண்டும் செய்ய வேண்டும். ஓசை மாறியிருந்தால் அந்தச் சில்லைத் திரும்பப் பூட்டக்கூடாது.